கூரையைப் பிரித்தவருக்கு

பிரியமுள்ள உதயேட்டனுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? புனேயில் நான் நலம். கோபம் மட்டும்தான் குறையவில்லை.

உங்கள் தங்கை சுதா போனில் உளறிவிட்டாள். "அண்ணி, அண்ணன் மாடியில உங்களுக்கு ரூம் கட்டுறாரு, சர்ப்ரைஸாம். ஓடெல்லாம் பிரிச்சாச்சு." இடவப்பாதிப் பருவமழை வாசலில் நிற்கும்போது நம் ஒற்றப்பாலத்தில் எவராவது ஓட்டைப் பிரிப்பார்களா? ஆசாரி நல்ல நாள் குறித்துக் கொடுத்தாராம். மழையிடம் யார் கேட்டது?

ஒரு வேலையைத் தொடங்கும் முன் எப்படித் திட்டமிடுவது என்றுதான் நான் இங்கே எம்.பி.ஏ. வகுப்பில் படிக்கிறேன். இன்று சொதப்பிய திட்டம் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். தெரிந்தவர் வீடு என்று நம் வீட்டைத்தான் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடம் எடுக்கும் கோக்லே மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த ரூம் யாருக்கும்மா?"

"அவர் மனைவிக்கு, மேடம்."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?"

இருமுவதுபோல் நடித்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கே தார்ப்பாய் வாங்கிக் கட்டுங்கள். என் அலமாரியை நனையாத பக்கம் நகர்த்துங்கள். விடுதிப் பருப்பில் வெல்லம் போடுகிறார்கள், வாயில் வைக்க முடியவில்லை. கொஞ்சம் உப்புமாங்காய் அனுப்புங்கள். சாப்பாட்டு மணி அடிக்கிறது, போகிறேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அந்த ரூம் ஜன்னலைச் சாலைப் பக்கம் வையுங்கள். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவது தெரிந்தால்தான் நான் சண்டைக்குத் தயாராக இருக்க முடியும்.

ஷைலஜா