கூட்ஸ் வேகனின் காலி எடை

6-11-38, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குழந்தை கமலியின் இடுப்புத் துணிகள் காயவில்லை. எல்லாம் அடுப்புக்கு மேலே கொடியில். வீடு முழுக்கப் புகை.

வேகன் ஒருவழியாக முடிந்தது. அண்ணா சென்னையிலிருந்து குழந்தைக்கு அனுப்பிய சீமைத் தகர ரயிலில் ஒரு திறந்த வேகன் இருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே இவர் சொன்னது: "இது எந்த ஊர் வண்டி சரோ? கதவு எங்க? பிரேக் எங்க? இத என் யார்டுக்குள்ளயே விடமாட்டேன்." கூட்ஸ் கிளார்க் அல்லவா. நம் சின்ன லைனில் ஓடும் மூடு வேகனாக அதை மாற்றுவதென்று ஆரம்பித்தது அவர். பிடித்துக்கொண்டது நான். பி.ஏ. கணக்கு படித்துவிட்டு மாரண்டஹள்ளி குவார்ட்டர்ஸில் பத்து மாதமாகத் துணி அலசுகிறவளுக்கு வேறென்ன.

கூரை: பிஸ்கட் டின், உலக்கை மேல் வைத்து வளைத்தது.
கதவு: அதே டின். வரிகள் பின்னல் ஊசியால் அழுத்தி.
பிரேக் கம்பி: ஒடிந்த குடையிலிருந்து.
இணைப்புக் கொக்கி: என் ரவிக்கையினுடையது. இது முழுக்க என் யோசனை.
எடை: வெறும் தகரம் வளைவில் தடம் புரண்டுகொண்டே இருந்தது. சந்தைக்கு வரும் வத்தல்மலைக்காரரிடம் தேன்மெழுகு வாங்கினோம். அவருடைய நாட்டுத் துப்பாக்கிக்கான ஈயக்குண்டு ஒரு பிடி, மிளகளவு. வேகனின் அடியில் மெழுகை உருக்கி ஊற்றிக் குண்டுகளை வரிசையாகப் பதித்தேன். இப்போது புரள்வதில்லை. வீடெல்லாம் தேன் வாசனை வேறு.

நிஜ வேகன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரக்கில்லாத எடை எழுதியிருக்கும். காலி எடை. அது எழுதாதது வேகனே அல்ல என்பார் இவர். நேற்று பத்தர் கடைக்குக் கொண்டுபோய் நகைத் தராசில் தோலா, குன்றிமணிக் கணக்கில் நிறுத்து வந்தார். இன்று நான் வெள்ளைப் பெயிண்டில் எழுதினேன்: காலி எடை 9 தோலா 3 குன்றி. கை நடுங்காமல் வந்தது.

போன வாரம் சைடிங்கில் நூல் பிடித்து நிஜக் கதவை அளந்தபோது போர்ட்டர்களில் ஒருவன்: "கிளார்க்கம்மா வேகனுக்கு ரவிக்கை தெக்க அளவெடுக்கறாங்கடோய்." நினைத்தால் இப்போதும் சிரிப்பு.

7-11, திங்கள்

கொக்கி ஒன்று காணோம்.

மத்தியானம் கூடத்தில் நானும் கமலியும். அவள் கையில் வேகன், வாய்க்கும் மடிக்குமாக. பால் பொங்குகிறதென்று உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் வேகனின் பின்பக்கம் கொக்கி இல்லை. அவள் வாயில் எச்சில் நூலாக. விரலை விட்டுத் தேடினேன். கடித்தாள், அழுதாள். ஒன்றுமில்லை.

கூடம் முழுதும் பெருக்கி, குப்பையைச் சல்லடையில் சலித்தேன். பாயை உதறினேன். இல்லை. கொக்கியின் முனை எவ்வளவு கூர் என்று எனக்குத் தெரியும். ரவிக்கை போடும்போது எத்தனை தடவை விரலில் குத்தியிருக்கிறது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சென்னம்மா (பாயிண்ட்ஸ்மேன் சம்சாரம்; குழந்தையைக் கூசு என்பாள்) ஓடி வந்தாள். "கூசுக்கு ஒண்ணும் ஆவாதுங்கம்மா. எம் பெரியவன் தம்பிடி முழுங்கி மூணா நாளு வந்துச்சு. கழுவி எடுத்துக்கிட்டுப் போயி அவங்கப்பன் பீடி வாங்கிட்டாரு."

"தம்பிடி வட்டம்டி சென்னம்மா. இது ஊசி."

உடனே தன் வீட்டுக்கு ஓடினாள். பிறகு வாழைப்பழம் கொண்டுவந்தாள். இரண்டு பழம், கேழ்வரகுக் கூழ். ஊட்டிவிட்டேன். கமலி சிரித்துக்கொண்டே தின்றாள். தொண்டை அசையும்போதெல்லாம் குனிந்து உற்றுப் பார்த்தேன்.

இவர் வந்ததும் சொன்னேன். குனிந்து தானும் ஒரு தடவை கூடத்தைத் தேடினார்.

8-11, செவ்வாய்

இருமினால் பயம். இருமாவிட்டால் பயம். இரண்டு துணி பார்த்தேன், குச்சியால் கிளறி. ஒன்றுமில்லை. அருவருப்பு என்பது எங்கே போயிற்றோ.

மாலை ஆறு மணி சுமாருக்கு இவர் வாசலிலேயே நின்று கூப்பிட்டார். கோட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். உள் மடிப்பில் என் கொக்கி! நேற்று மத்தியானம் சாப்பிட வந்தபோது வேகனைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். கொக்கியும் கோட்டில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், பார்சல் எல்லாம் புக் பண்ணிவிட்டு, மறுபடி வீட்டுக்கு வந்து, மறுபடி போய்.

"உத்தியோகம் பாத்துட்டு வந்திருக்கு" என்றார்.

உட்கார்ந்து அழுதேன். கமலியும் கூட அழுதாள், காரணமில்லாமல். முருகனுக்கு வெள்ளியன்று பாயசம் வைப்பதாகச் சொல்லிக்கொண்டேன். இன்று தூங்கலாம்.

9-11, புதன்

எழுத முடியுமா தெரியவில்லை.

துணி துவைக்கச் சென்னம்மா எடுத்துப் போனாள். கிணற்றடியிலிருந்து குரல்: "அம்மா, கூசு கருப்பா எதையோ தின்னிருக்குதுங்க. மிளகாட்டம்." கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள். நானும் மிளகு என்றுதான் நினைத்தேன். கனத்தது.

வேகனைத் திருப்பினேன். அடி மெழுகில் பல் தடம். அவளுக்கு இருப்பது கீழே இரண்டே பல். இரண்டு இரண்டாகப் பொறித்து வைத்திருக்கிறாள், ஓரம் முழுக்க. மெழுகு பிய்ந்து, சில இடம் வெறும் தகரம். தேன் வாசனை இன்னும் அப்படியே. அந்த வாசனைக்குத்தான் நக்கியிருக்கிறாள். இரண்டு நாளாக நான் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், அழாமல் இருக்கட்டும் என்று அவள் கையில் கொடுத்து வைத்திருந்தது இந்த வேகனைத்தான்.

எத்தனை குண்டு பதித்தேன்? எண்ணவில்லை. மெழுகு ஆறுவதற்குள் வைக்க வேண்டும் என்ற அவசரம். கணக்குப் படித்தவள் எண்ணவில்லை.

மத்தியான வண்டியில் தர்மபுரி. இவர் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார். வண்டி பாலக்கோட்டில் நின்றுகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் வயதான டாக்டர். வயிற்றை அமுக்கினார், ஈறைப் பார்த்தார். அந்தக் குண்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எத்தனை முழுங்கிச்சு?"

"தெரியலைங்க."

"வூட்ல ஆரும் பாக்கலையா?"

"நான்தாங்க இருந்தேன்."

என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஒன்றிரண்டு என்றால் பழமும் விளக்கெண்ணெயும் கொடுத்துக் காத்திருக்கலாம், தானே வெளியே வரும். நிறையப் போயிருந்தால் காத்திருக்கக் கூடாது. ஈயம் வயிற்றில் தங்கினால் கரைந்து ரத்தத்தில் ஏறும், சின்ன உடம்பு தாங்காது. சேலம் போய்ப் படம் எடுத்துத்தான் ஆகவேண்டும். "எண்ணிக்கை தெரிஞ்சா நான் ஒரு வழி சொல்லலாம். தெரியலைன்னா சேலந்தான். குழந்தை வெளுத்தாலோ, வயித்த மடிச்சிக்கிட்டு அழுதாலோ ராத்திரின்னும் பாக்காதீங்க."

திரும்பும் வண்டியில் கமலி என் மடியில் தூங்கினாள். வெளுத்திருக்கிறாளா? வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ராயக்கோட்டைப் பக்கம் போகும் கூட்ஸ் ஒன்று எதிர் லூப் தண்டவாளத்தில் நின்றது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையைப் பிடித்தார். "சரோ. காலி எடை எழுதியிருக்கமே."

10-11, வியாழன்

விடிந்ததும் பத்தர் கடை. மூவருமாக. பத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வாங்க சார். மறுபடியும் வண்டியா? சேதாரம் எவ்வளவுன்னு பாத்துப் போட்டுடலாமா?" என்றார். இவர் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. கடையில் இருந்த வேறு ஆட்களை எழுப்பி அனுப்பினார். காற்று படக்கூடாதென்று கதவைச் சாத்தினார்.

ஒரு தட்டில் 9 தோலா 3 குன்றிக்கு எடைகள். மறு தட்டில் வேகன், கழன்ற கொக்கியையும் மாட்டி. வேகன் மேலே எழும்பியது. எடை குறைந்திருக்கிறது.

நாங்கள் கொண்டுபோன மீதிக் குண்டுகளிலிருந்து ஒன்றைப் பத்தர் வேகன் தட்டில் போட்டார், சாமணத்தால் கிள்ளிப் பிடித்து. போதவில்லை. இரண்டாவது. முள் கிட்டத்தட்ட நடுவில். மூன்றாவது போட்டால் அந்தப் பக்கம் சாய்ந்தது. எடுத்தார்.

"ரெண்டுங்க சார். மிச்சம் அரைக் குன்றி இருக்கும். அது மெழுகு."

"மெழுகுன்னு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"பல்லு பட்ட எடமெல்லாம் மெழுகு போயிருக்குதுல்லம்மா. எடை பாத்தே தலை நரைச்சவன் நான்."

ஆனால் நிறுத்த பிறகுதானே நான் எழுத்து எழுதினேன்? பெயிண்டுக்கும் எடை உண்டே. அப்படியானால் வேகன் முன்னைவிடக் கனத்திருக்க வேண்டும். உள்ளே போன ஈயம் தராசு காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பத்தரிடம் சொன்னேன். அவர் இன்னொரு தகரத்துண்டில் அதே எழுத்தை என்னை எழுதச் சொல்லி, காயவைத்து, முன்னும் பின்னும் நிறுத்தார். தராசு அசையவே இல்லை. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டு. ஒன்று வந்தாயிற்று. ஒன்று உள்ளே.

கார்டிடம் சொல்லி டாக்டருக்குச் செய்தி போனது. சாயந்திர வண்டியில் பதில் வந்தது: மூன்று நாள் பார்க்கலாம். வி.எண்ணெய் இரு வேளை.

11-11, வெள்ளி

இல்லை.

கமலி சிணுங்கல். காலை மடக்குகிறாள். இதுதான் டாக்டர் சொன்ன மடக்கலா, எல்லாக் குழந்தையும் மடக்குவதா? சென்னம்மாவின் சின்னவனைப் போய்ப் பார்த்து வந்தேன், அவன் எப்படி மடக்குகிறான் என்று. அவள் சிரிக்கவில்லை.

பாயசம் வைத்தேன். வாயில் வைக்கவில்லை.

மழை பலமாக. காற்றும். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் நாளை வண்டி போகாது என்று இவர் வேறு யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. போகாவிட்டால் சேலம் எப்படி? மாட்டு வண்டியிலா?

மெழுகு என்கிறார் பத்தர். மெழுகாகவே இருக்கட்டும்.

12-11, சனி

மழை விட்டது. காலை வண்டி யார்டில் வந்து நிற்கிறது. அப்போது.

நானே பார்த்தேன். சென்னம்மாவிடம் கொடுக்கவில்லை. குச்சியின் முனையில் தட்டுப்பட்டது. கழுவினேன். ஈயந்தான்.

துணியோடு ஓடினேன். செருப்புப் போடவில்லை, முந்தானை எங்கேயோ. பிளாட்பாரத்தில் புளிமூட்டைக்குச் சீட்டெழுதிக்கொண்டிருந்தார் இவர். அத்தனை ஜனங்கள், ஒரு பிரயாணி மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் உள்ளங்கையை நீட்டினேன். இவர் பென்சிலை நழுவவிட்டார்.

"என்னங்க சார், அம்மா முத்து கொண்டாந்திருக்காங்களா?" என்றான் அன்று அளவெடுக்கிறார்கள் என்று கத்தின அதே போர்ட்டர். சென்னம்மா பின்னாலேயே வந்திருக்கிறாள்: "ஆமாண்டா, முத்துதான். எட்டி நில்லு." கார்டு பச்சைக்கொடியை அக்குளில் வைத்துக்கொண்டு, நகராமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினிலிருந்து டிரைவர் விசிலடித்தார், இன்னும் என்ன என்று.

வீட்டுக்கு வந்து வேகனின் மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். குண்டுகளை இவர் ஒரு டப்பாவில் போட்டு ஸ்டேஷன் பீரோவில் பூட்டினார். வேகன் பரணில். இனி அது புரண்டால் புரளட்டும்.

இரவு. தொட்டிலில் போடும் முன் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன், இந்த ஆறு நாளில் வந்த பழக்கம். கடினமாக ஒன்று. சின்னது. நகரவில்லை. நெம்பினேன், அலறினாள். "ஏங்க, ஏங்க" என்றேன், வேறு வார்த்தை வரவில்லை. இவர் லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உதட்டை விலக்கிக் குனிந்து பார்த்தார்.

"பல்லு சரோ. மேல் பல்லு."

கையை எடுங்கள், நான் பார்க்கவேண்டும் என்றேன். பார்த்தேன். பல்தான். லாந்தரை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னேன்.