மாமனாரின் வருஷ தானம்

1954 அக். 11, திங்கள்

மழை. மூன்றாம் நாள். விறகு ஈரம், துணி ஈரம், பள்ளிக்கூடத்து வெண்கட்டிகூட ஈரம். பலகையில் எழுதமாட்டேன் என்கிறது.

போதகரிடமிருந்து கடிதம். வரும் ஞாயிறு ஆராதனையில் இவரை உபதேசியாராக நியமிக்கிறார்களாம். பட்டிப்பொலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும் வேலை. எட்டு வருஷமாக இவர் காத்திருந்தது. கடிதத்தை நாலு தரம் வாசித்தார். பிறகு எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது பாருங்கள். டீச்சர் வேலை சும்மாதான் பார்க்கிறேன்.

சந்தோஷம்தான். எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அடுப்படியில் மாமி: "சனிக்கெழமை அவரு போயி ஒரு வருஷம். தானம் குடுக்கணும், மக."

தானம் என்றால் பன்சலையில், புத்தர் கோவிலில், இருக்கும் பிக்குமாருக்குச் சாப்பாடு. இந்த ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்த மாமி கேட்கிறார். எந்த வாரம்? இந்த வாரம்!

அக். 12, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது. கூரை ஒழுகல் விடவில்லை.

இவரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட சொல்லு, இந்த வீட்ல அதெல்லாம் ஆகாதுன்னு."

சொன்னேன். "அவன்கிட்ட சொல்லு, வீட்ல குடுக்கல. பன்சலைக்குக் கொண்டுபோயி குடுக்குறேன்."

சொன்னேன். "சனிக்கெழமை பன்சலைக்குப் போனா ஞாயித்துக்கெழமை எனக்கு வேலை இல்லன்னு சொல்லு."

தாயும் மகனும் சிங்களவர். ஒரே பாஷை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். இவர்களுக்குத் தபால்காரி தமிழச்சி நான்.

நானே ஒரு யோசனை சொன்னேன். "அடுத்த வாரம் வெச்சுக்கலாமே மாமி?"

"செத்த நாள நானா வெச்சேன்?"

மூன்றாம் வகுப்புக் கணக்குக் கொப்பி முப்பத்தொன்று திருத்தினேன். எல்லாம் தப்பு.

அக். 13, புதன்

பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். குடத்தோடு நின்ற இரண்டு பேர், நான் வருவதைப் பார்க்காமல்:

"டீச்சர் ஊட்ல பன்சலைக்கு சோறு ஆக்குறாங்களாம்."

"அவுங்க வேதக்காரங்கல்ல?"

"ஊட்டுக்காரரு வேதம். மாமியா ரெண்டும்."

வீட்டுக்குள் செவ்வாய் பேசியது பீலிக்கு புதன் காலை வந்துவிட்டது. இந்தத் தோட்டத்துக்குத் தந்தி ஆபீஸ் தேவையே இல்லை.

இவருக்கு ஞானஸ்நானம் ஆனபோது மாமனார் பஜாரில் இருந்த கடையைப் பூட்டி மூன்று நாள் திறக்கவில்லையாம். நாலாம் நாள் 'சாப்பிட வரச் சொல்' என்று ஆள் அனுப்பினாராம். அதற்குப் பிறகு நாத்தனார் வேதத்துக்கு வந்தாள், இப்போது கொழும்பில் மிஷன் நர்ஸ். பிறகு எங்கள் கல்யாணம். மாமி கடைசி, அவர் போன பிறகு. மாமனார் மட்டும் வரவில்லை. பௌர்ணமி தவறாமல் பன்சலைக்குப் போனார். ஒருவரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு மட்டும் கடையிலிருந்து கருவாடு கொண்டுவருவார், மற்றவர்களுக்குத் தெரியாமல்.

அக். 14, வியாழன்

பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள். மிச்சம் காய்ச்சல்.

மாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசியது: "எனக்கு ஜெபம் போதும், மக. நான் செத்தா ஒங்க போதகர் ஐயாவே பொதைக்கட்டும். ஆனா அவரு அந்த வழியில போன மனுஷன். அவருக்கு வேண்டியத அந்த வழியிலதான அனுப்பணும்? வேற வழியில அனுப்புனா அவருக்குக் கெடைக்குமா?"

என் அப்பா உபதேசியார், தாத்தா உபதேசியார். ஞாயிறு பள்ளியில் எல்லாக் கேள்விக்கும் பதில் மனப்பாடம் பண்ணியவள் நான். இந்தக் கேள்வி அதில் இல்லை.

இவரிடம் கேட்டேன். "அதெல்லாம் விசுவாசத்துல வரும்" என்றார். எப்போது வரும் என்று சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

அக். 15, வெள்ளி

இவருடைய முடிவு: "நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியாது."

வாங்கியது: பருப்பு, போஞ்சி, பீட்ரூட், உருளைக்கிழங்கு, வாழைக்காய், பப்படம், தேங்காய் 6, தயிர்ச்சட்டி 2. எல்லாவற்றையும் இவர் கண் முன்னால்தான் தூக்கிவந்தேன். ஒரு தேங்காய் உருண்டு இவர் காலடியில் போய் நின்றது. எடுத்துக் கொடுத்தார். ஒண்ணும் தெரியாதவர்.

கோட்டுக்குக் கஞ்சி போட்டாயிற்று. காயவில்லை.

அக். 16, சனி

விடிகாலையிலிருந்து அடுப்படி. ஈர விறகு, புகை, கண் இரண்டும் மிளகாய்.

பருப்பில் உப்புப் பார்த்தேன். கரண்டி, உள்ளங்கை, நாக்கு. பழக்கம். மாமி போட்ட சத்தம் லயம் வரை கேட்டிருக்கும்.

"தானச் சாப்பாட்டுல நாக்க வெச்சிட்டியே மக!"

பிக்குமார் சாப்பிடுவதற்கு முன் ஒருவரும் ருசி பார்க்கக் கூடாதாம். எனக்கு யார் சொன்னது? மூன்று தலைமுறையாக உப்புப் பார்த்துச் சமைக்கிற குடும்பம். அந்தப் பருப்பு எங்களுக்கு. பன்சலைக்கு வேறு பருப்பு, முதலிலிருந்து. முன்னறையில் நாளைக்குச் சொல்ல வேண்டிய சாட்சியை எழுதிக்கொண்டிருந்தவர், "வாசம் நல்லாருக்கு" என்றார். கரண்டி கையில்தான் இருந்தது. கர்த்தர் காத்தார், இவரை.

பத்து மணிக்குக் கிளம்பினோம். மதியத்துக்கு முன் பிக்குமார் சாப்பிட்டாக வேண்டும். மாமி தலையில் சோற்றுப் பானை, எனக்கு இரண்டு கையிலும் கறி. மழை. இவர் வாசல் வரை வந்து குடையை நீட்டினார். எந்தக் கையால் வாங்குவது? நீட்டியபடியே நின்றார். போய்விட்டோம்.

பன்சலையில் ஐந்து பிக்குமார் சாப்பிட்டார்கள். வெளியில் நின்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் வார்க்கும் சடங்கு. கெண்டியிலிருந்து கோப்பைக்குள் வார்க்க வேண்டும். கோப்பை நிரம்பி, கீழே தட்டில் வழிய வேண்டும். அப்படி வழிந்தால் புண்ணியம் செத்தவருக்குப் போய்ச் சேருமாம். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கெண்டியைப் பிடிப்பது வழக்கம்.

மாமி பாயில் முழங்கால் போட்டு, ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. பிக்குமார் ஓத ஆரம்பித்துவிட்டார்கள். மாமி தனியாகக் கெண்டியைச் சாய்க்கிறார். தண்ணீர் கோப்பையில் விழவில்லை, பாயில் விழுகிறது.

போய்ப் பிடித்தேன். அவ்வளவுதான். ஓதியது எனக்குப் புரியவில்லை, நான் ஒன்றும் சொல்லவுமில்லை. அழுகை வந்தது. கருவாடு கொண்டுவந்து தந்த மனுஷனுக்குக் கெண்டி பிடிக்க ஓர் ஆள் இல்லையென்றால் அது என்ன குடும்பம்?

திரும்பிவரும்போது பயம் பிடித்தது. நாளைக்கு ஞாயிறு.

அக். 17, ஞாயிறு

கோட்டுப் பொத்தான் போடும்போது சொன்னேன். போதகர் முன்னால் இவர் தெரியாமல் போய் நிற்கக் கூடாது என்றுதான். "நேத்து கெண்டிய நானும் புடிச்சேங்க."

கை பாதிப் பொத்தானில் நின்றது. திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். மிச்சப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மாமிக்குக் காய்ச்சல், வரவில்லை.

பீலிப் பேச்சு போதகர் காதுக்கும் போயிருந்தது. ஆராதனைக்கு முன் எங்கள் இருவரையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "பன்சலையில தானம் குடுத்ததா சொல்றாங்க. அம்மா வயசானவங்க, அவங்கள விடுங்க. ஒங்க வீட்ல வேற யாராச்சும் அதுல சேந்தாங்களா?"

இவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமையிலிருந்து அதைத்தானே சொல்லிப் பழகினார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"என் வீட்ல ஆக்குனது, ஐயா. என் அப்பாவுக்கு. என் சம்சாரம் கெண்டி புடிச்சா. நான் புடிக்க வேண்டியது."

போதகர் "ஒரு வருஷம் பொறுப்போம்" என்றார்.

நியமனம் இல்லை. சாதாரண ஆராதனை. இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடினார், வழக்கம்போல் ராகம் தப்பி. எனக்குப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. எட்டு வருஷம். என் கையாலேயே.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினார். இப்போது திட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு.

"தண்ணி வழிஞ்சிச்சா?"

"என்னது?"

"கோப்பை நெறைஞ்சு வழிஞ்சிச்சான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ஒரு வாரத்துக் கோபம் முழுக்க. அவர் வேலை போயிற்று, என் மானம் போயிற்று, இன்னமும் நான்தான் தபாலா?

"அடுப்படியிலதான் படுத்திருக்காங்க. ஒங்க அம்மா. நீங்களே போயி கேளுங்க" என்று கத்திவிட்டேன்.

போனார்.