ஒட்டாத கேள்விகள்

மார்ச் 3
மகள் மடிக்கணினியோடு வந்தாள். அவள் அப்பாவும் நானும் திறனறித் தேர்வுக்கு எழுதிய பழைய கேள்விகளை அவளுடைய அலுவலகம் மறுபடி சோதிக்கிறது. தேறாதவை போய்விடும்.

அவர் கணக்கு எழுதுவார், நான் தர்க்கம். விதிப்படி தனித்தனி அறை, சாத்திய கதவு. எழுதும்போது ஒருவர் தாளை மற்றவர் பார்த்ததில்லை. அவர் போன பிறகும் ஆண்டுதோறும் ஏதோ ஒரு பிள்ளை அவருடைய வாக்கியத்தைப் படித்துத் தலையைச் சொறிகிறது. எனக்கு மிச்சம் அதுதான்.

மார்ச் 9
சோதனை இதுதான்: ஒரே அளவு திறமையுள்ள பிள்ளைகளில், ஒரு கேள்வியைச் சரியாகப் போட்டவர்களே இன்னொன்றையும் சரியாகப் போட்டால், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

"அம்மா, உங்க கேள்வியும் அப்பா கேள்வியும் ஜோடி ஜோடியா ஒட்டுது. பேசி வெச்சு எழுதினீங்களா?"

"கன்னியாஸ்திரிங்ககிட்ட படிச்சவடி நான். பக்கத்துப் பேப்பரை எட்டிப் பாக்கற பழக்கம் கிடையாது."

"கோவிச்சுக்காதீங்க. நம்பர் அப்படித்தான் சொல்லுது."

நம்பருக்கு வாய் வேறு முளைத்திருக்கிறது.

மார்ச் 10
தொட்டி! மாடித் தொட்டி ஒழுகிய வாரம், சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. அவர் தொட்டி நிரம்பும் நேரம் கேட்டிருக்கிறார்; நான் ஓட்டை வாளியை வைத்துத் தர்க்கம் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே சூட்சுமம். கதவைச் சாத்தி என்ன பயன்? தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மார்ச் 14
ஜோடியில் என்னுடையதை எடுத்துவிடு என்றேன். முடியாதாம். கெட்டிக்காரப் பிள்ளைகளை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டுவதில் எது மட்டமோ அதுதான் போகும். பெரும்பாலும் அவருடையது. தொட்டிக் கணக்கும் போய்விட்டது.

மார்ச் 19
"ஆனா அம்மா, கடைசி வருஷம் எழுதினதுல ஒண்ணுகூட ஒட்டல. அப்பாவோடது எல்லாமே தேறிடுச்சு. அந்த ஒரு வருஷந்தான் ரெண்டு பேரும் விதிப்படி இருந்திருக்கீங்க!"

அவள் விடுதியில் இருந்த வருடம் அது. கேள்விகளை வாசித்துப் பார்க்கும் கூட்டத்தில் அவர் என் கேள்வியை "தெளிவில்லை" என்றார், எல்லார் முன்னாலும். அன்று மூடியதுதான் என் வாய். மேசையில் தட்டுச் சத்தம் மட்டும். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த காலை வரைக்கும் — எனக்கு என்ன வீம்பு, அப்படி என்ன வீம்பு!

"ஆமா, ஒழுங்காத்தான் இருந்தோம்" என்றேன்.

மார்ச் 20
அவருடைய அறைக் கதவைத் திறந்துவைத்தேன்.

மார்ச் 27
அவர் எழுதும் மேசையை என் அறைக்கு இழுத்துவரச் சொன்னேன்.

"இங்க இடமே இல்லையேம்மா, எதுக்கு?"

இங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன்.