முனகிய கிடார்

செவ்வாய், இரவு.

ஐம்பது வயதில் நல்ல கிடார் வாங்கும் கிறுக்கு எனக்கு. சென்னைக் கடையில் கம்பெனி கிடார் பார்த்தாகிவிட்டது. அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாமா என்று இன்று அடி அண்ணாமலையில் கிடார் செய்யும் சேகரிடம் போய், வழக்கம்போல ஊர்வம்பு பேசினேன். சுவரில் தொங்கிய ஒரு கிடார், நான் பேசும்போதெல்லாம் கூடவே முனகியது. சேகர் பேசினால் சும்மா இருந்தது.

“ஒருத்தரு குரலுக்குன்னே இதோட பலகைய இழைச்சேங்க. ஆளு செத்துட்டாரு. உங்கள மாதிரியே ஜாஸ்தி பேசுவாரு. புடிச்சுப் பாருங்க.”

பிடித்தேன். என் குட்டையான விரல்களுக்கே அளவெடுத்த மாதிரி இருந்தது.

“கம்பெனி கிடாரே போதுங்க,” என்று கிசுகிசுத்தேன்.

“அதுக்குக் கேக்காம சொன்னீங்களே, நல்லதுங்க,” என்று அவரும் கிசுகிசுத்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் வாயே திறக்கவில்லை. ஜுரமா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.