சந்தேக வாரத்துச் செருப்புகள்

ஜூன் 8, ஞாயிறு

மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. சுபாவின் சுடிதார் ஃபேனுக்கு அடியில்.

வாங்க: மார்க்கர் (கறுப்பு), அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல்.

நாளை முதல் கோச்சிங் சென்டரில் சந்தேக வாரம். பேங்க் பரீட்சைக்கு முந்தின வாரம் பாடம் கிடையாது. ஆங்கிலத்துக்கு இரண்டு அறை. ஒன்றில் நான், ஒன்றில் லிஜி. யாருக்கு எவரிடம் கேட்க இஷ்டமோ அங்கே போய் உட்காரலாம். போன வருஷம் வரை ஒரே அறை, ஒரே ஆள். நான்.

லிஜிக்கு ஊர் புதுக்கடை, கேரள எல்லைப் பக்கம். வந்து மூன்று மாதம்தான். பாட்டுப் பாடுவது போலத் தமிழ் பேசுவாள். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், பிறகு அவளைப் பிடித்துப்போகிறது. இனிமேல் லி. என்றுதான் எழுதப்போகிறேன். முழுப் பெயரையும் எழுதக் கை வரவில்லை.

புது பேட்சுக்கு சென்டன்ஸ் கரெக்‌ஷன் யார் எடுப்பது என்று இந்த வாரம் பார்த்து முடிவு செய்வாராம் சென்டர் நடத்துகிற சார். ஆறு வருஷமாக என் வகுப்பு அது. இதில் பார்க்க என்ன இருக்கிறது?

சுபாவுக்கு ராத்திரி ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் சென்டரில்தான் படிக்கிறாள், மூன்றாவது தடவை எழுதுகிறாள். இதுதான் கடைசி, அப்புறம் மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். என் தங்கை எல்லாவற்றிலும் கெட்டி, ஆங்கிலத்தில் மட்டும் விழுவாள். அதிலும் பங்கு வருகிற வாக்கியங்கள். பாதி, மூன்றில் இரண்டு, சதவீதம், மடங்கு. இன்றும் தப்பு.

ஜூன் 9, திங்கள்

தூறல். வடசேரி பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு. சென்டர் மாடியில் டைல்ஸ் கெடும் என்று செருப்பெல்லாம் அறை வாசலில். சார் போட்ட சட்டம்.

லி. ஒரு வாழைக்குலையோடு வந்தாள். நிஜமாகவே குலை. ரசகதலி. சந்தையில் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறாள். ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் பாடம்.

சுவர் மெலிசு. எல்லாம் கேட்கிறது.

"மக்கா, பாதி பழுத்துப் போச்சு. எதுல பாதி? குலையிலயா, பழத்துலயா? மொதல்ல அத பறயுங்க. குலைன்னா ஒண்ணு, அப்பம் இஸ். பழங்கள்னா நெறைய, அப்பம் ஆர்."

பிறகு ஆளுக்கு ஒரு பழம். தின்னக் கொடுத்தால் யாருக்குத்தான் மனசில் நிற்காது? நான் ஆறு வருஷமாகச் சொல்வதும் இதேதான். பாதி, கால், முக்கால் வந்தால் 'ஆஃப்' (of)-க்குப் பின்னால் பார். ஒரே வரி. பழம் எதற்கு?

எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினாள். "அக்காவுக்கு" என்றாளாம். அக்காவாம். தின்றேன். நல்ல பழம்தான்.

சாயங்காலம் வாசல்களைப் பார்த்தேன். மொத்தச் செருப்பில் பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் என் பக்கம். முதல் நாள்தானே.

ஜூன் 10, செவ்வாய்

வெயில், பிறகு மழை. மாத்திரை வாங்கியாயிற்று. மார்க்கர் மறந்தேன்.

லி. வாசலில் என் வாசலைவிட மூன்று மடங்கு அதிகச் செருப்பு.

இல்லை, இது தப்பான வாக்கியம். மூன்று மடங்கு என்றால் எனக்கு ஒன்று, அவளுக்கு மூன்று. மூன்று மடங்கு அதிகம் என்றால் அவளுக்கு நான்கு. போன வாரம்தான் இதைப் பலகையில் எழுதிப்போட்டேன். மூன்று மடங்குதான். அதிகம் இல்லை. இதில் ஓர் ஆறுதல்.

என்னிடம் வந்தவர்களிலும் ஒருவன், "மிஸ், பாத்ரூம் எங்க?" என்று கேட்க வந்தவன்.

சார் இரண்டு வாசலையும் பார்த்துக்கொண்டே போனார். "என்ன டீச்சர், ஃப்ரீயா?" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திருத்த வேண்டிய தாள் இருக்கிறது என்றேன். இல்லை.

ராத்திரி மஸ்கட்டிலிருந்து அவர் போன். சொன்னேன். "அவ சின்னப் பிள்ளைல்லா, நீ எதுக்குப் போட்டி போடுக?" என்றார். அதுதானே விஷயமே, அவள் சின்னப் பிள்ளை. வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

லி. வாசலில் சுபாவின் செருப்பு. நீல வார், ஓரத்தில் பூ. தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது. ஒரே மாதிரி வேறு யாரிடமாவது இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். குதிகாலில் தேய்ந்த இடமும் அவளுடையது.

அவள் பஸ்ஸில் வருகிறவள். நான் உள்ளே இருக்கும்போது வந்து, என் வாசலைத் தாண்டித்தான் அந்த அறைக்குப் போயிருக்கிறாள்.

வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். தீயல் குழம்பு, அப்பளம். அம்மா அடுக்களையில். நானாகக் கேட்கக்கூடாது என்றிருந்தேன். கேட்டுவிட்டேன்.

"இன்னைக்கு எங்க இருந்த?"

"லிஜி மிஸ்கிட்ட."

மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"நான் வீட்டுலயே சொல்லித் தாறேன் இல்லா?"

"நீ சொல்லும்பம் புரியுது அக்கா. கேள்வியப் பாத்ததும் ஒன் மொகம் ஞாபகம் வருது. தப்பாயிருமோன்னு சரியான பதிலயே மாத்திருதேன்."

"அவ மொகம் ஞாபகம் வரல்லியா?"

"பழம்தான் ஞாபகம் வருது."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வயிறு எரிகிறது, தீயலால் அல்ல. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போகட்டும். மொத்தமாகப் போகட்டும். இவளுமா?

ஜூன் 12, வியாழன்

இதை யாரும் படிக்கப்போவதில்லை.

காலையில் எல்லாருக்கும் முன்னால் போனேன். பைக்குள் அப்பாவின் பழைய ரப்பர் செருப்பு, அம்மாவின் கறுப்புச் செருப்பு, சுபா கழித்துப்போட்ட பிரவுன் ஜோடி. என் அறை வாசலில் வைத்தேன். வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும் என்று ஒன்றைக் கவிழ்த்தும் போட்டேன். நான் எம்.ஏ. இங்கிலீஷ்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சார் போகிறபோது வாசலைப் பார்த்தார். "இன்னைக்குப் பரவால்லியே." கதவு பாதி சாத்தியிருந்ததால் உள்ளே பார்க்கவில்லை. அதையும் யோசித்துத்தான் சாத்தியிருந்தேன்.

உண்மையில் வந்தவள் ஒருத்தி. பெண்களின் விகிதம் கூடியிருக்கிறது என்ற வாக்கியத்தில் 'ஹேஸ்' ஏன், 'ஹேவ்' ஏன் இல்லை என்று கேட்டாள்.

"மிஸ், 'ஆஃப்'-க்குப் பின்னால பாருன்னு நீங்கதான சொன்னிய? பின்னால பெண்கள் நிக்குதே."

அது பாதி, காலுக்கு. விகிதம், சதவீதம், எண்ணிக்கை என்று 'தி' போட்டு வந்தால் முன்னால் பார்க்க வேண்டும். அது வேறு விதி என்றேன். "எப்பம் முன்னால, எப்பம் பின்னால?" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். சுபாவின் தலையாட்டல் அது.

திரும்பும்போது செருப்புகளைப் பையில் போட மறந்துவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது. மழை பிடித்துக்கொண்டது, திரும்பவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையில் வீட்டில் அமளி.

"எனக்க கறுப்புச் செருப்ப காணல்ல. நாய் கொண்டு போயிருக்கும்" என்று அம்மா. கோயிலுக்குப் போக நின்றவள். அப்பா வேலியோரம் எல்லாம் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன், கட்டிலுக்கு அடியில் எல்லாம். என்ன ஜென்மமோ.

சுபா மட்டும் தேட வரவில்லை, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சென்டரில் அந்த மூன்று ஜோடியும் அப்படியே. நேற்றுப் பெய்ததில் நனைந்து. லி. வாசலில் இன்றும் நிறைய. நீல வாரும்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் செருப்பு படிக்கட்டில் காய்கிறது. அப்பாவுடையதும். பிரவுன் ஜோடி கொல்லைப்பக்கம்.

"எங்க கெடந்ததாம்?" என்று அம்மாவிடம் கேட்டேன், தெரியாதவள் மாதிரி.

"சுபா கொண்டு வந்தா. பின்னால ஓடைப்பக்கம் கெடந்ததாம்."

சுபா புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். ராத்திரி ஒரு மணி நேரம் எப்போதும் போலச் சொல்லித் தரவா என்று கேட்டேன். "கண்ணு எரியுது அக்கா, நாளைக்கு" என்றாள்.

லி.-யைப் பற்றி இன்று ஒன்றும் தோன்றவில்லை. பொய். தோன்றியது. பரீட்சையில் பங்குக் கேள்வி வந்து, லி. சொன்னபடி சுபா எழுதி, அது தப்பாகப் போனால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. ஒரு நிமிஷம் இருக்கும். நான் அவள் கூடப்பிறந்தவள்.

ஜூன் 14, சனி

மழை விட்டு விட்டு. சந்தேக வாரம் இன்றோடு முடிந்தது. மார்க்கர் கடைசிவரை வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு டீ குடித்துவிட்டு மாடிக்கு வந்தேன். என் வாசலில் இரண்டு ஜோடி. ஒன்று வியாழக்கிழமை வந்த பெண்ணுடையது. இன்னொன்று நீல வார், ஓரத்தில் பூ.

வந்துவிட்டாள். எனக்கு அங்கேயே கண் கலங்கியது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம், விகிதமா மடங்கா என்று யோசித்துக்கொண்டே கதவைத் தள்ளினேன்.

உள்ளே அந்தப் பெண் மட்டும்.

பாத்ரூம் போயிருப்பாள் என்று உட்கார்ந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் லி.

"பெண்களோட விகிதம் கூடியிருக்கு. சுபா, நீ பறயு. கூடுனது பொண்ணுங்களா, பங்கா?"

"பங்குதான் மிஸ். பங்கு ஒண்ணு. அதனால ஹேஸ்."

நடுங்காத குரல். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

வெளியே வந்து பார்த்தேன். வராந்தா டைல்ஸில் ஈரக் கால்தடம், என் வாசலிலிருந்து லி. வாசல் வரை. சுபா வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறாள். சார் பார்க்கட்டும் என்று செருப்பை எனக்கு விட்டுவிட்டு.

மத்தியானம் சார் கூப்பிட்டார். "புது பேட்ச் கரெக்‌ஷன் லிஜி எடுக்கட்டும் டீச்சர். நீங்க ரீடிங் பாத்துக்கிடுங்க. அனுபவம் வேணும்லா அதுக்கு." சரி என்றேன். லி. அங்கேதான் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கீழே வந்தால் ஸ்கூட்டர் பக்கத்தில் சுபா. காலில் நீலச் செருப்பு. ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டாண்டு தாண்டினதும் காதுக்குப் பக்கத்தில்:

"அந்தப் பதில் கேட்டியா அக்கா?"

"கேட்டேன்."

"சரியா?"

சரிதான். ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு அடுத்த சிக்னல் வரை ஆயிற்று.