சங்கிலியும் பேக்கரிக்காரியும்

நவ. 4, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். நான் வேலை பார்க்கிற போஸ்டாபீசில் கரண்ட் இல்லை, மெஷினில் சார்ஜ் இல்லை. வந்தது மூன்றே பேர். மீதி நேரம் போனில் துப்பறியும் நாவல். சென்னையிலிருந்து மகள் ஏற்றிக் கொடுத்தது. இந்த வகையில் நாலாவதோ ஐந்தாவதோ.

எல்லாம் ஒரே அச்சு. கடலோரம் சின்ன ஊர், மழை, டீ, பூனை. செத்தவர் யாருக்கும் பிடிக்காத ஆள். ரத்தமே கிடையாது. இதில் துப்பறிவது ஒரு பேக்கரிக்காரி. கேக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்ற நிம்மதி. வேறென்ன.

உளுந்து, தேங்காயெண்ணெய், கரண்ட் பில்.

நவ. 5, செவ்வாய்
நல்ல மழை. சம்பா வயலில் தண்ணீர் வடியவில்லை என்று எல்லோரும் புலம்பல்.

மத்தியானம் சித்ரா வந்தாள், நனைந்துகொண்டே. என் சித்தி மகள். கல்யாணமான நாளிலிருந்து மேலத்தெரு வசந்தாம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அங்கே சங்கிலி காணோமாம்.

"வீட்டுக்கு யார் யார் வந்தாங்கன்னு கேட்டாங்களா?"

"இல்லக்கா. எங்க வச்சன்னுதான் கேட்டாங்க."

நாவலில் முதலில் மாட்டுகிற ஆள் குற்றவாளியே இல்லை. படிக்கிற நமக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரியாது. இங்கே முதல் ஆளோடு விசாரணை முடிந்தது.

நவ. 6, புதன்
டெலிவரிக்குப் போகிற முருகேசன் லீவு. வசந்தாம்மாவுக்கு சிங்கப்பூர் மகனிடமிருந்து பார்சல். நானே எடுத்துப் போனேன். முருகேசன் வந்திருந்தாலும் நான்தான் போயிருப்பேன்.

கிரில் கேட் திறக்கவில்லை. "படியிலயே வச்சிருங்க மேடம், எடுத்துக்கறேன்." மரியாதைக்குக் குறைவில்லை.

"சங்கிலி எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"உள்ரூம் பீரோவுல."

"அன்னிக்கு வேற யாராச்சும் வந்தாங்களா?"

"ஏசி ரிப்பேருக்கு ரெண்டு பேர். அவங்க அப்படிப்பட்டவங்க இல்லை."

"சித்ராவ கொல்லைக் குழாயத் தாண்டி நீங்க விட்டதே இல்லியேம்மா. பீரோ எங்க இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

கிரில் வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அவ உங்களுக்குச் சொந்தமோ?"

"தங்கச்சி."

"மழை வலுக்குது. கிளம்புங்க."

வழியெல்லாம் யோசனை. பேக்கரிக்காரி எந்த வீட்டு அடுப்படியிலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். எழுதியவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் தெருக்காரியாக இருந்திருந்தால் கேக்கையும் படியிலேயே வைத்துவிட்டு வந்திருப்பாள்.

நவ. 7, வியாழன்
சித்ராவை அவள் வேலை பார்க்கும் மற்ற இரண்டு வீட்டிலும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வசந்தாம்மா வீட்டில் போலீசுக்குப் போவார்கள் என்று பேச்சு. ரேஷன் கடை வரிசையில் யாரோ: "பழகுன ஆளையே நம்ப முடியலயே." யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

தலைவலி. நாவல் படிக்கவில்லை.

நவ. 8, வெள்ளி
சங்கிலி கிடைத்துவிட்டது! தஞ்சாவூர்க் கல்யாணத்துக்கு மருமகள் போட்டுப் போய், ஹேண்ட்பேக் உள்ஜிப்பில் வைத்து மறந்திருக்கிறாள். பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், சித்ராவை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லி. அவ்வளவுதான்.

நாவலை முடித்தேன். டாக்டர்தான் கொலைகாரர். ஊர் பழையபடி ஆகிவிட்டது, எல்லோருக்கும் கேக். முதலில் மாட்டிய தோட்டக்காரனும் ஒரு துண்டு வாங்கிச் சிரிக்கிறான். அவனால் எப்படிச் சிரிக்க முடிகிறது? அவனுக்குத் தனியாக ஒரு அத்தியாயம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் படித்திருப்பேனா? தெரியவில்லை. மழைக்கு இதமாக ஏதாவது வேண்டும் என்றுதானே இதை எடுக்கிறேன்.

நவ. 9, சனி
வெயில். போஸ்டாபீசில் கூட்டம். சித்ரா வேலைக்குப் போகாமல் என் பக்கத்தில் பெஞ்சில். பாஸ்புக்கோடு வசந்தாம்மா வந்தார்.

"ஏய் சித்ரா, வரச் சொல்லியிருந்தேனே?"

சித்ரா எழுந்து நின்றாள். "எல்லாரும் இருக்காங்கம்மா. நான் எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அதான் கிடைச்சிருச்சுன்னு சொல்லி அனுப்புனேனே."

"அது சங்கிலியப் பத்திம்மா. என்னைப் பத்திச் சொல்லுங்க."

நான் முத்திரை குத்துவதை நிறுத்தினேன். வசந்தாம்மா பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டே, "நீ எடுக்கல" என்றார். மெதுவாகத்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"சரிம்மா" என்று சித்ரா உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டுக்கு இனி போகமாட்டாளாம். திங்கட்கிழமையிலிருந்து திருவாரூரில் ஜவுளிக்கடை வேலை. சம்பளம் குறைவு, நின்றுகொண்டே இருக்க வேண்டும். "பஸ்சு ஃப்ரீதானக்கா" என்கிறாள்.

வசந்தாம்மா வெளியே போனதும் சித்ரா பெஞ்சில் சாய்ந்து அழுதாள், கொஞ்ச நேரம். பிறகு கடைக்குச் சோறு கொண்டுபோக என் டிபன் கேரியரைக் கேட்டாள். கொடுத்தேன். மேல் தட்டு சரியாக மூடாது, சொல்ல மறந்துவிட்டேன்.