உன் பாட்டில் சுத்தமாகத்தான் இருந்தது, நூரு

என் பிரியத்துக்குரிய நூரு,

முதலில் செய்தி. நீ இருந்திருந்தால் பஸ் ஏறுவதற்குள் என் தோளை உலுக்கி வாங்கியிருப்பாய். நீ சொன்னதுதான் சரி. அந்தக் குச்சிகள் அழுக்கு இல்லை. நேற்று துறையே திரண்டு உட்கார்ந்திருந்த கூடத்தில் அதைப் படம் படமாகக் காட்டிவிட்டேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஓசூரில் ஏறி பெங்களூரு லேபுக்குப் போகும் அதே பஸ்ஸில்தான் இன்னமும் போகிறேன். டிரைவர் பக்கத்து இன்ஜின் பானெட்டில், நாம் பைகளை வைக்கும் அதே மூலையில், இப்போது என் பை மட்டும்.

நம் வேலை துருவோடு. இரும்பு உப்பைக் கரைத்து, காரம் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத துரு மணிகளை வளர்ப்பது. ஒரு தலைமயிரின் குறுக்கே பல ஆயிரம் மணிகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு பொடி. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழுப் படிகம்; உள்ளே அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கும். சிறிய மணி கரையும், கரைந்தது பெரிய மணியின் மேல் படியும், படிகம் அப்படித்தான் வளரும் என்பார் நம் கைடு சார். நாமும் அப்படியே எழுதிவைத்திருந்தோம்.

நீ ஒரே கலவையை இரண்டு பாட்டிலில் ஊற்றினாய். ஒன்று லேப் அலமாரியில் இருந்தது. மற்றது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு. அந்த மைக்ராஸ்கோப் இருந்த இடத்தில் "நாளைக்கு வாங்க" என்றே மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டுமே என்று டிபன் பையிலேயே அதைப் போட்டுக்கொண்டு அலைந்தாய்.

"ஏனம்மா அது, கஷாயவா?" என்று டிரைவர் தினமும் கேட்பார்.

"கஷாயம்தான் அண்ணா. ஒரு மொடக்கு குடிச்சா உங்க பஸ் மாதிரியே துருப்பிடிச்சுடுவீங்க" என்பாய். பஸ்ஸின் முன்பாதியே சிரிக்கும்.

கடைசியில் படம் வந்தது. அலமாரி பாட்டிலில் உருண்டை மணிகள். உன் பாட்டிலில் நீளநீளக் குச்சிகள், ஓரமெல்லாம் முண்டும் முடிச்சுமாக. நீ மட்டும் அந்தப் படத்தை விட்டு அகலவில்லை.

"மணி வளரல மல்லி, ஒண்ணோடு ஒண்ணு சேர்ந்திருக்கு. ஜூஜுவாடியில கூட்டம் ஏறினதும் ஆளுக்கொரு பக்கம் பாத்து நிக்கிறோம். கண்டக்டர் 'முந்தே ஹோகி, முன்னாடி போங்க'ன்னு கத்த, இடிச்சு, நெளிஞ்சு, அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி அடங்கிடறோம்ல? இதுவும் அப்படித்தான். தண்ணிக்குள்ள மோதி, விலகி, திரும்பி, வரிசைக்கு வரிசை பொருந்தின அப்புறம்தான் ஒட்டுது."

சார் படத்தை ஒரு தரம் பார்த்தார். "ஏதோ கலந்திருக்கு. கொட்டிட்டுப் புதுசா பண்ணும்மா." நீ புதிதாகச் செய்து அலமாரியில் வைத்தாய். உருண்டைதான் வந்தது. நான்தான் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "பாட்டிலை ஒழுங்கா கழுவுனியாடி?"

அதன் பிறகு யாரோ உன் குச்சிப் பாட்டில் மேல் 'அழுக்கு பாட்டில்' என்று எழுதி ஒட்டினார்கள். லேபில் அதுவே பேச்சாகிவிட்டது. அன்று திரும்பும்போது அத்திப்பள்ளி வரை நீ ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். பிறகு, "ரெண்டு தடவ கழுவினேன்" என்றாய். நான் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை? அடுத்த மாதம் நீ இல்லை.

போன சித்திரையில் ஒருநாள் என் தயிர்ச்சோறு மதியத்துக்குள் வாயில் வைக்க முடியாதபடி புளித்துப்போனது. மறுநாளும் அப்படியே. டிரைவரிடம் புலம்பினேன். "பானெட் மேல இட்ட தயிரு ஹுளி ஆகாதே இருக்குமா அம்மா?" என்றார். நான் பானெட்டின் மேல் கையை வைத்தேன். சுட்டது. வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம், காலையும் மாலையும், உன் பாட்டில் இந்தச் சூட்டில்தானே உட்கார்ந்து வந்தது!

மறுநாளே லேப் தெர்மாமீட்டரை எடுத்துவந்து பானெட்டில் வைத்தேன். "பஸ்ஸுக்கு ஜ்வரவா?" என்றார் கண்டக்டர். ஒரே கலவையில் ஒரு பாட்டிலை பானெட்டிலும் இன்னொன்றை என் மடியிலும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் போய்வந்தேன். மடியில் உருண்டை. பானெட்டில் குச்சி!

பிறகு லேபிலேயே அதே சூட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்து, நாளுக்கொரு சொட்டு எடுத்துப் படம் பிடித்தேன். முதலில் தனித்தனி மணிகள். பிறகு ஜோடிகள். பிறகு மூன்று, நான்கு கோத்த சரங்கள். கடைசியில் மணிகளுக்கு நடுவே இருந்த பள்ளம் தூர்ந்து குச்சி. ஒவ்வொரு மணிக்குள்ளும் அணு வரிசை மெல்லிய கோடுகளாகத் தெரிகிறது நூரு. ஒரு மணியில் தொடங்கிய கோடு மூட்டைத் தாண்டி அடுத்த மணிக்குள் வளையாமல் போகிறது. சில இடங்களில் மணிகள் கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டு கோடு அங்கே மட்டும் உடைந்திருக்கிறது. கரைந்து வளர்ந்த படிகத்தில் அந்த உடைசல் எப்படி வரும்?

நேற்று சார்தான் முதலில் எழுந்தார். "ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கலாமே?" என்றார். அதையும் எதிர்பார்த்திருந்தேன். சாய்த்து எடுத்த படங்களை வைத்தேன். எந்தப் பக்கம் சாய்த்தாலும் மூட்டு மூட்டாகவே இருந்தது.

"நான் இதைக் கொட்டச் சொன்னேன்" என்றார் சார், எல்லோருக்கும் கேட்கும்படி. "கட்டுரையில முதல் பேர் அந்தப் பொண்ணோடதா இருக்கணும்."

"அதைத்தான் எழுதியிருக்கேன் சார்" என்று முதல் தாளைத் திரும்பப் போட்டேன். திரையில் உன் பெயர் ஆள் உயரத்துக்கு நின்றது. அப்புறம்தான் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. உன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ அந்தப் பாட்டிலைக் கொட்டவில்லை, கள்ளி. அலமாரியின் பின்வரிசையில் ஒளித்துவைத்திருந்தாய். ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, இன்று காலை அதை உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கா எம் புள்ளைய அழவிட்டீங்க?"

"ஆமாம்மா. நான்தான் அழவிட்டேன்."

அம்மா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கி, "எங்கொழம்பு சிந்தித்தான் பாட்டிலு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன் மல்லி. டிபனு மூடி லூசு. யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

நான் போட்ட பழி எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, பார்த்தாயா? "கொழம்பு இல்லம்மா, பானெட்டு" என்று பஸ் கதை முழுக்கச் சொன்னேன். அம்மா அழுதார், உடனே சிரித்தார், வாசலைப் பார்த்துக் கத்தினார்: "ஏங்க, கேட்டீங்களா? எங்கொழம்பு இல்லியாம்! நம்ம புள்ள ஜெயிச்சிருச்சாம்!"

அத்தா உள்ளே வந்து பாட்டிலை வாங்கி, உன் கல்லூரி போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வாக்கு தருகிறேன். இனி எனக்குப் புரியாத ஒன்றை, இரண்டாம் முறை பார்க்காமல் அழுக்கு என்று சொல்லமாட்டேன். நாளைக் காலை பானெட்டில், உன் இடத்தில், புதுப் பாட்டில் ஒன்று ஏறும். டிரைவர் கேட்டால் கஷாயம் என்றே சொல்வேன்.

உன் அம்மா கையால் இன்று இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட,
உன் தோழி,
மல்லிகா